குப்பியில் டிரெயில் என்று எழுதியிருந்தால் போதாது

தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர், புற்றுநோய்ச் செல்களைச் சாகத் தூண்டும் டிரெயில் என்ற புரதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "அக்கா, ரீகாம்பினன்ட் மனித டிரெயில் புரதம் 10 மைக்ரோகிராம் குப்பி ஒன்று வாங்கினோம். ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் வீதம் போட்டு 24 மணி நேரம் வைத்தேன். உயிருள்ள செல்களைக் காட்டும் எம்டிடி சோதனையில் 15 சதவீதம்கூடக் குறையவில்லை. மூன்று முறை செய்துவிட்டேன். புரதம் கெட்டுப்போயிருக்கும் என்கிறார் கைடு. செல்லில்தான் கோளாறு என்கிறது விற்ற கம்பெனி. யாரை நம்புவது? இன்னொரு குப்பி வாங்கப் பணம் இல்லை."

பதறாதீர்கள் அம்மா. இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். நீங்கள் செய்த சோதனையை வைத்து இருவர் சொல்வதையும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. ஏ549 பல ஆய்வகங்களில் டிரெயிலுக்கு அரைகுறையாகவே பணிகிற செல். அதை வைத்துப் புரதத்தின் தரத்தை எடைபோட முடியாது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் குப்பியில் இருப்பது எந்த டிரெயில்? பெயரைக் கேட்கவில்லை. எங்கே வெட்டியது, பிரித்தெடுக்க வசதியாக முனையில் என்ன வால் ஒட்டியது, எதில் கரைத்தது என்று கேட்கிறேன். இதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் அலைந்த மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அலைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெயிலை 1995-ல் ஒரு குழுவும், 1996-ல் அப்போ-2எல் என்ற பெயரில் இன்னொரு குழுவும் அறிவித்தன. இரண்டும் ஒரே புரதம்தான். டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழு நீளம் 281 அமினோ அமிலம். நம் உடலில் இது நோய் எதிர்ப்புச் செல்களின் சவ்வில் நட்டுவைத்தது போல நிற்கும். அதன் ஒரு முனை செல்லுக்குள்ளும் தலை வெளியேயும் இருக்கும். ஆய்வகத்துக்கு அந்தத் தலை மட்டும் போதும் என்பதால் பெரும்பாலும் 114 முதல் 281 வரை உள்ள பகுதியை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து எடுக்கிறார்கள். ஒரு துண்டின் எடை சுமார் 20 கிலோடால்டன் (புரத எடையைச் சொல்லும் அலகு).

ஒற்றைத் துண்டாக இருக்கும்போது அது எதையும் கொல்லாது. மூன்று துண்டுகள் சேர்ந்து நிற்க வேண்டும். அடுப்புக்கு மூன்று கல் வைப்போமே, அப்படி. ஒரு கல் சரிந்தாலும் பானை நிற்காது. இந்த மூன்றையும் நடுவில் பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு துத்தநாக அயனி. ஒவ்வொரு துண்டிலும் 230-வது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூன்று சிஸ்டீன்களின் கந்தகமும் சேர்ந்து அந்தத் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்கின்றன. 1999-ல் படிக அமைப்பு வெளியானபோது இது தெளிவாகத் தெரிந்தது. துத்தநாகம் போய்விட்டால் அந்தச் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று டைசல்ஃபைடு பிணைப்பில் மாட்டிக்கொள்ளும். புரதம் அங்கேயேதான் இருக்கும், அளந்தால் அளவும் சரியாகக் காட்டும், கொல்லும் திறன் மட்டும் சரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இது சின்ன நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டில், மனிதக் கல்லீரல் செல்களை டிரெயில் கொல்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோய்ச் செல்லைத் தேர்ந்து கொல்லும், சாதாரணச் செல்லை விட்டுவிடும் என்று எல்லோரும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த புரதம் அது. அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது. மறு ஆண்டு வேறொரு குழு பல வகை டிரெயில் தயாரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. கல்லீரல் செல்களைக் கொன்றது ஹிஸ்டிடின் வால் ஒட்டிய வடிவம். அதில் துத்தநாகம் குறைவாக இருந்தது, துண்டுகள் ஒழுங்காகச் சேராமல் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தன. வால் இல்லாமல், துத்தநாகத்தோடு ஒழுங்காகச் செய்த வடிவம் அந்தச் செல்களைப் பெரிதாகத் தொடவில்லை. இரண்டு குப்பியிலும் ஒரே பெயர், ஒரே மனித ஜீன். ஒரு மருந்தின் எதிர்காலமே அந்த வித்தியாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் குப்பியோடு வந்த டேட்டா ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை? வால் உண்டா, எந்த முனையில்? கரைசலில் துத்தநாகம் சேர்த்திருக்கிறார்களா? ஹிஸ்டிடின் வால் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. கவனமாகத் தயாரித்தது நன்றாகவே வேலை செய்யும். ஃபிளாக் வால் ஒட்டிய வடிவமும் விற்பார்கள். அதை அந்த வாலுக்கான ஆன்டிபாடியோடு சேர்த்துப் போட்டால் பல மூவர் கூட்டங்கள் கொத்தாகச் சேர்ந்து, தனியாக மிதக்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகக் கொல்லும். குறிப்பாக, செல்லின் மேல் டிரெயிலைப் பிடிக்கும் டிஆர்5 என்ற ஏற்பி கொத்தாக வரும் டிரெயிலுக்குத்தான் நன்றாக மசியும். ஆன்டிபாடி சேர்க்கச் சொல்லி டேட்டா ஷீட்டில் இருந்து, நீங்கள் சேர்க்காமல் விட்டிருந்தால், உங்கள் கேள்விக்கு அங்கேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் அந்த ஷீட்டில் செயல்திறன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், பாதி செல்கள் சாகத் தேவையான அளவு என்று. அது எந்தச் செல்லில் அளந்தது என்று பாருங்கள். பல கம்பெனிகள் எல்929 என்ற எலிச் செல்லில், ஆக்டினோமைசின்-டி சேர்த்து அளக்கின்றன. ஆக்டினோமைசின், புதிய ஆர்என்ஏ உருவாவதை நிறுத்தும். செல் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான புரதங்களைச் செய்துகொள்ள முடியாத நிலையில் அளந்த எண் அது. அதை நம்பி, ஆக்டினோமைசின் இல்லாத ஏ549-ல் அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதில் கம்பெனி பொய் சொல்லவில்லை, நாம்தான் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை.

இனி சென்னைக்கே உரிய விஷயம், வெப்பம். புரதம் உங்கள் கைக்கு வருவதற்குள் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு, சுங்கம், கூரியர் வண்டி எல்லாம் தாண்டி வருகிறது. உலர்தூளாக வந்திருந்தால் ஓரிரு நாள் வெளியில் இருந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். கரைசலாக டிரை ஐஸில் வந்திருந்தால் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் மிச்சம் இருந்ததா என்பதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை மாலை வந்து, வாங்கி வைக்க ஆள் இல்லாமல் திங்கள் வரை செக்யூரிட்டி அறையில் இருந்த பெட்டிகளை எனக்குத் தெரியும். வந்த தேதி, நேரம், பெட்டியின் நிலை, லாட் எண் நான்கையும் அன்றே நோட்டில் எழுதிவையுங்கள், முடிந்தால் ஒரு போட்டோவும் எடுங்கள். பின்னால் கம்பெனியோடு பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது, வாங்கிவர வழியும் இல்லை. மின்சாரம் திரும்பியதும் மைனஸ் 80 ஃப்ரீசர் பழையபடி உறைந்துவிட்டது. உள்ளே எல்லா டியூபும் இருந்த இடத்தில் இருந்தன, லேபிளும் அழியவில்லை. கரைந்து மறுபடி உறைந்தவை என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் அவற்றையே வைத்துச் சோதனை செய்து, எங்கள் செல்கள் ஏன் சாகவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். அந்த இரண்டு மாதமும் ஒரு மாணவரின் வாழ்க்கையில் போனவை. இன்றும் நினைத்தால் மனசு கேட்காது. அதற்குப் பிறகு எங்கள் ஒவ்வொரு ஃப்ரீசரிலும் ஒரு சின்னக் கப்பில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிடுவோம். மின்சாரம் போய் வந்த பிறகு நாணயம் மேலேயே இருந்தால் சரி. பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் உள்ளே எல்லாம் கரைந்து உறைந்திருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்த நாணயம்தான் எங்களைக் காப்பாற்றியது.

கரைக்கும் முறைக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்கே தெரியாது. மூடியில் ஒட்டியிருக்கலாம், அதனால் திறக்குமுன் ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிடுங்கள். ஷீட்டில் வேறு சொல்லியிருக்காவிட்டால் 100 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் உங்களுக்கு வேண்டிய 100 நானோகிராம் கிடைக்கும். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், பைப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கினால் போதும். உடனே சின்னச் சின்ன அலிகாட்டாகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்துவிடுங்கள். ஒரு டியூபை ஒருமுறைதான் கரைக்க வேண்டும். தானாகப் பனி உருக்கும் வகை மைனஸ் 20 ஃப்ரீசர் என்றால், அது அடிக்கடி சூடேறி இறங்கும், அதில் இந்த மாதிரிப் புரதத்தை வைக்கவே வைக்காதீர்கள்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். செலவு மிச்சம் என்று நினைத்து மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவுக்கு வெறும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்து நான்கு டிகிரியில் ஒரு வாரம் வைத்திருந்தேன். அவ்வளவு நீர்த்த நிலையில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் பைப்பெட்டில் எடுத்தது பெரும்பாலும் வெறும் பஃபர்தான். 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்த்திருந்தால் அந்த அல்புமின் சுவரை நிரப்பியிருக்கும், டிரெயில் கரைசலில் தங்கியிருக்கும். இன்னொன்று, இடிடிஏ உள்ள எந்தப் பஃபரிலும் இதைக் கரைக்காதீர்கள். இடிடிஏ உலோக அயனிகளைப் பிடுங்குவதற்கென்றே இருக்கும் வேதிப்பொருள். நடுவில் இருக்கும் அந்த ஒரு துத்தநாகத்தையும் அது விடாது.

பணம் இல்லை என்றீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 96 குழி பிளேட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் உங்கள் அளவில் 10 நானோகிராம்தான் செலவு. ஒரு குப்பியில் ஆயிரம் குழி வரும். ஆறு குழி பிளேட்டில் 2 மில்லிலிட்டர் வீதம் போட்டால் ஐம்பது குழிதான். அதனால் முதல் கட்டச் சோதனையை எல்லாம் 96 குழி பிளேட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்த பிறகும் உங்களிடம் கணிசமாக மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது எம்டிடி. அது சாவை அளப்பதில்லை. உயிருள்ள செல் அந்த மஞ்சள் பொருளை ஊதாவாக மாற்றுகிறது, அந்த ஊதாவின் அளவைத்தான் நாம் படிக்கிறோம். பிரிவதை நிறுத்திய செல்லும் குறைவாகக் காட்டும், செத்த செல்லும் குறைவாகக் காட்டும். சாகாமல் மிஞ்சியவை 24 மணி நேரத்தில் பெருகிவிட்டால் செத்தவற்றின் கணக்கை அவையே மூடிவிடும்.

1972-ல் இந்த வகைச் சாவுக்குப் பெயர் வைத்தவர்கள், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அபோப்டோசிஸ் என்று. நம் ஊர் வாதாம் மரத்தைப் பாருங்கள். பின்பனிக் காலத்தில் இலை ஒவ்வொன்றாகச் சிவந்து, காம்பு பழுத்து, தானாக விழும். புயலில் கிளை முறிந்து விழுவது வேறு. செல்லிலும் அப்படித்தான். அபோப்டோசிஸில் சவ்வு கடைசிவரை கிழியாமல் இருக்கும். ஆனால் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்துவிடும். அனெக்சின்-5 என்ற புரதம் அதைப் பிடித்துக் காட்டும். புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் கிழிந்த சவ்வு வழியாக மட்டும் நுழையும். அனெக்சின் ஏறி, அயோடைடு ஏறாத செல்தான் பழுத்து உதிரும் இலை.

அனெக்சினுக்குக் கால்சியம் வேண்டும். ஒட்டிய செல்களைப் பெயர்த்தெடுக்கும் டிரிப்சினோடு வரும் இடிடிஏ-வை நன்றாகக் கழுவாவிட்டால் சாயமே பிடிக்காது. இன்னும் முக்கியம், மிதக்கும் செல்களைக் கொட்டிவிடாதீர்கள். பழைய மீடியாவை ஊற்றிவிட்டு ஒட்டியிருப்பதை மட்டும் டிரிப்சின் போட்டு எடுத்தால், செத்தவற்றைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு உயிரோடிருப்பவற்றை எண்ணுகிறீர்கள். மீடியா, கழுவிய பிபிஎஸ், டிரிப்சினில் வந்தவை மூன்றையும் ஒரே டியூபில் சேருங்கள். அப்புறம், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப் என்ற புரதத்தைப் பாருங்கள். 116 கிலோடால்டன் பட்டை 89-ஆக வெட்டுப்பட்டிருந்தால் சாவை நடத்தும் கேஸ்பேஸ் என்ற நொதிகள் வேலை செய்திருக்கின்றன.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏ549 ஏன் அடம்பிடிக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது. டிரெயில் வந்து டிஆர்4 அல்லது டிஆர்5 ஏற்பியைப் பிடித்ததும், செல்லுக்குள் ஃபேட் என்ற புரதமும் கேஸ்பேஸ்-8 என்ற வெட்டும் நொதியும் அங்கே கூடும். கேஸ்பேஸ்-8 விழித்தால் கேஸ்பேஸ்-3-ஐ வெட்டி எழுப்பும், அது செல்லைப் பிரித்துப் போடும். சில செல்களில் இந்த நேர்வழி மட்டும் போதாது. பிட் என்ற புரதத்தை வெட்டி, மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டையிட்டு, அதிலிருந்து கசியும் சைட்டோகுரோம்-சி வழியாக இரண்டாவது தடவை அழைப்பு போக வேண்டும். இந்தப் பாதையில் தடைகளும் உண்டு. ஃபிளிப் என்ற புரதம் கேஸ்பேஸ்-8 உட்கார வேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்ஐஏபி என்ற புரதம் கடைசிக் கட்டத்தில் கேஸ்பேஸ்-3-ஐப் பிடித்துவைக்கும். இவை தவிர டிசிஆர்1, டிசிஆர்2 என்று போலி ஏற்பிகளும் இருக்கின்றன. டிரெயிலைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே செய்தி அனுப்பாது. எந்தச் செல்லில் எந்தத் தடை எவ்வளவு என்பது செல்லுக்குச் செல் மாறும்.

இங்கே புராஜெக்ட் என்றாலே எம்சிஎஃப்-7 (மார்பகம்), ஹெப்ஜி2 (கல்லீரல்), ஏ549 என்ற மூன்று புற்றுநோய்ச் செல்களில் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். எம்சிஎஃப்-7-ல் கேஸ்பேஸ்-3 ஜீனே பழுதானது, அந்தப் புரதம் அதில் கிடையாது. 1998-லேயே அச்சில் வந்த செய்தி இது. ஆனாலும் அதில் கேஸ்பேஸ்-3 பட்டையைத் தேடி மாதக்கணக்கில் உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்லைத் தேர்ந்தெடுப்பது சோதனையின் முதல் படி. ஃப்ரீசரில் இருப்பதை எடுத்துக்கொள்வது தேர்வு ஆகாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நன்றாகப் பணியும் செல்லில்கூட டிரெயில் எல்லாவற்றையும் கொல்லாது. 2009-ல் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களைத் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஒரே ஜீன்கள் கொண்ட செல்களில் சில சீக்கிரம் செத்தன, சில தாமதமாகச் செத்தன, சில பிழைத்தன. அப்போதுதான் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிரிந்த இரண்டு மகள் செல்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் செத்தன. பிரிந்து நேரம் ஆக ஆக அந்த ஒற்றுமை மறைந்தது. பிரியும்போது இருவருக்கும் ஒரே அளவில் பங்கு கிடைத்த புரதங்கள் பிறகு கூடிக் குறைவதுதான் காரணம். உங்கள் 15 சதவீதத்தைப் பார்த்து ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அதற்குள் சில செல்கள் முழுமையாகவே செத்திருக்கலாம்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? முதலில் பக்கத்து ஆய்வகங்களில் ஜுர்காட் என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று கேட்பேன். ஐஐடி, கிண்டி, தரமணி என்று இத்தனை ஆய்வகங்கள் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது. ஒரு குப்பி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து முறைப்படி வாங்கலாம். ஜுர்காட் டிரெயிலுக்கு நன்றாகப் பணியும், மிதக்கும் செல் என்பதால் டிரிப்சின் தொல்லையும் இல்லை. அதில் 1, 10, 100, 500 நானோகிராம் என்று போட்டு, 4 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் அனெக்சின் பார்ப்பேன். பக்கத்திலேயே செல்லைச் சாகவைக்கும் ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார் போட்ட குழி வைப்பேன். செல்லுக்குச் சாகத் தெரியும், சாயம் சரியாகப் பிடிக்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்னொரு குழியில் டிரெயிலோடு கேஸ்பேஸ் தடுப்பான் இசட்-வேட் 20 மைக்ரோமோலார். அதில் சாவு நின்றுவிட்டால் நடந்தது கேஸ்பேஸ் வழிச் சாவுதான். குப்பியில் வேறு ஏதோ நஞ்சு இருந்து கொன்றதா என்ற சந்தேகம் பெருமளவு நீங்கும்.

கூடவே, புரதத்தை எடைவாரியாகப் பிரிக்கும் ஒரு ஜெல். ஒடுக்கும் வேதிப்பொருள் (டைசல்ஃபைடு பிணைப்பை உடைப்பது) சேர்க்காமல் 200 நானோகிராம் புரதத்தை ஓட்டி வெள்ளிச் சாயம் போடுங்கள். 20 கிலோடால்டனில் ஒரே பட்டை வந்தால் நிம்மதி. 40-ல் கனமான பட்டை தெரிந்தால் சிஸ்டீன்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, துத்தநாகம் போயிருக்க வாய்ப்பு அதிகம். லாட் எண்ணோடு அந்தப் படத்தைக் கம்பெனிக்கு அனுப்பி, மாற்றுக் குப்பி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஜுர்காட் சாகிறது, ஏ549 மட்டும் சாகவில்லை என்று வந்தால் வருத்தப்படாதீர்கள். உங்கள் ஆய்வு அங்கேதான் சுவாரசியமாகிறது. ஏ549-ல் குறைந்த அளவு சைக்ளோஹெக்சிமைடு சேர்த்துப் பாருங்கள். அது புதிய புரதம் உருவாவதை நிறுத்தும், சீக்கிரம் சிதையும் ஃபிளிப் முதலில் குறையும். அப்போது டிரெயில் கொன்றால் தடை எங்கே இருக்கிறது என்பதற்கு உங்கள் கையில் முதல் துப்பு வந்துவிட்டது. சைக்ளோஹெக்சிமைடை மட்டும் போட்ட குழியை மறக்காமல் வையுங்கள்.

டிரெயிலை மருந்தாக்க முயன்றவர்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள். 114 முதல் 281 வரையிலான அதே துண்டை டுலானெர்மின் என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒரு மணி நேரம்கூட நிலைக்காமல் பாதியாகக் குறைந்துவிட்டது, நுரையீரல் புற்றுநோயில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. அதன்பிறகும் யாரும் விட்டுவிடவில்லை. துண்டின் வரிசையைச் சுற்றி மாற்றி அமைத்த அபோனெர்மின் என்ற வடிவத்துக்கு 2023-ல் சீனாவில் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. உங்கள் ஏ549 ஏன் சாகவில்லை என்ற கேள்வியும் அவர்கள் கேட்டதன் ஒரு பகுதிதான்.

டேட்டா ஷீட்டில் உள்ள அமினோ அமில எண், வால், பஃபர் மூன்றையும் கைடிடம் இன்றே காட்டிவிடுங்கள். ஜெல் ஓடியதும் 20-ல் பட்டையா, 40-ல் பட்டையா என்று எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.